கப்பலில் குடும்பப் பயணமும் தொற்றுநோயும்



கப்பல் என்றதும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு ‘ரஜூலா’வின் நினைவு வரும். நாகப்பட்டினத்தில் ஏறி, தளத்தில் பாய் விரித்துப் படுத்து, பினாங்கில் வந்து இறங்கிய கதைகளை நாம் கேட்டு வளர்ந்தவர்கள். அந்தக் காலத்தில் கப்பலில் அம்மையோ வாந்திபேதியோ கண்டால் நேரே கரைக்கு வந்துவிட முடியாது. பினாங்கை அடுத்த ஜெரஜாக் தீவிலும், சிங்கப்பூரின் செயிண்ட் ஜான்ஸ் தீவிலும் தொற்றுத்தடுப்பு முகாம்கள் இருந்தன. ஆகவே கடற்பயணத்தில் நோய்க்குக் கட்டுப்பாடு என்பது நமக்குப் புதிய செய்தி அல்ல.

இன்று காலம் மாறிவிட்டது. சம்பாதிக்கும் பிள்ளைகள் பெற்றோரை உல்லாசக் கப்பலில் அழைத்துப் போகிறார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் கப்பல் எப்படிப்பட்ட இடம் என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். லயத்தில் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் ஒரே சுவர். ஒரு வீட்டில் இருமினால் அடுத்த வீட்டில் கேட்கும். கப்பலும் அப்படித்தான், மாடி மாடியாக அடுக்கிவைத்த லயம். சாப்பாட்டு அறை ஒன்று, படிக்கட்டு ஒன்று, கைப்பிடி ஒன்று.

2020ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஜப்பானின் யோகோஹாமா துறைமுகத்தில் ‘டைமண்ட் பிரின்சஸ்’ என்ற கப்பல் நிறுத்திவைக்கப்பட்டதை நேயர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அதில் 3,711 பேர் இருந்தார்கள். ஹாங்காங்கில் இறங்கிப் போன பயணி ஒருவருக்குக் கோவிட் இருந்தது பிறகுதான் தெரியவந்தது. பயணிகளை அறைக்குள்ளேயே இருக்கச் சொன்னார்கள். ஆயினும் 700 பேருக்கு மேல் நோய் கண்டது.

அறைக்குள் இருந்தவர்களுக்குச் சோறு கொண்டுபோய்க் கொடுத்தவர்கள் யார்? கப்பல் தொழிலாளர்கள். சமைக்கவும் பரிமாறவும் அவர்கள் வேலைக்குப் போகத்தான் வேண்டியிருந்தது. தொழிலாளர்களில் முதலில் நோய் உறுதியான 20 பேரில் 15 பேர் உணவுப் பகுதியில் வேலை செய்தவர்கள். 16 பேர் ஒரே தளத்தில், மூன்றாம் தளத்தில், தங்கியிருந்தவர்கள். காய்ச்சலோடு பெரட்டுக்குப் போனவர்களின் கதை நமக்குத் தெரியும். வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய சம்பளம் போய்விடும் என்பதால் நோயை மறைத்தவர்கள் எத்தனை பேர்! தொழிலாளியை விட்டுவிட்டுப் பயணியை மட்டும் காப்பாற்றலாம் என்பது நடவாத காரியம்.

இந்தப் பாடம் வீண்போகவில்லை. அதே ஆண்டு நவம்பரில் சிங்கப்பூரிலிருந்து மீண்டும் கப்பல்கள் புறப்பட்டபோது விதிகள் வேறாக இருந்தன. எந்த ஊரிலும் நிற்காமல் கடலைச் சுற்றிவிட்டுத் திரும்பும் பயணம் அது. சிங்கப்பூரில் வசிப்பவர்களுக்கு மட்டும் அனுமதி. கப்பல் கொள்ளுவதில் பாதிப் பேரைத்தான் ஏற்றினார்கள். ஏறுமுன் மூக்கில் பஞ்சுக்குச்சி விட்டுப் பரிசோதனை. முகக்கவசம் உண்டு. உள்ளே வெளிக்காற்று வரவேண்டும். யார் யார் அருகே இருந்தார் என்று குறித்துவைக்கும் சிறு கருவியும் உண்டு. தொழிலாளர்களுக்கும் வேலையில் சேருமுன் தனிமைக் காலமும் பரிசோதனையும் விதித்தார்கள். குழந்தைகளோடு போனவர்களுக்கு இதெல்லாம் தொல்லைதான். முகக்கவசத்தை நாலு வயதுப் பிள்ளை எத்தனை நாழிகை வைத்திருக்கும்?

டிசம்பரில் ஒரு சம்பவம் நடந்தது. ‘குவாண்டம் ஆஃப் த சீஸ்’ என்ற கப்பல் நான்கு நாள் பயணமாகப் போயிருந்தது. அதில் இருந்த 83 வயதுப் பெரியவர் ஒருவர் வயிற்றுப்போக்கு என்று கப்பல் மருத்துவரிடம் போனார். விதிப்படி பரிசோதித்தார்கள், கோவிட் என்று வந்தது. டிசம்பர் 9ஆம் தேதி கப்பல் ஒருநாள் முன்னதாகவே கரை திரும்பியது. ஏறக்குறைய 1,700 பயணிகள் பல மணி நேரம் அறைகளில் காத்திருந்தார்கள். பிறகு கரையில் மறுபரிசோதனை செய்தபோது அவருக்கு நோயே இல்லை என்று தெரிந்தது!

“ஒரு கிழவரின் வயிற்றுவலிக்காக ஆயிரம் பேரின் விடுமுறை போச்சே” என்று சிலர் சொல்லியிருக்கலாம். நாம் அப்படி நினைக்கவில்லை. அந்தப் பெரியவர் செய்தது சரி. அவர் வாயை மூடிக்கொண்டு இருந்து, நோயும் உண்மையாக இருந்திருந்தால், யோகோஹாமாவில் நடந்தது மறுபடி நடந்திருக்கக்கூடும். பரிசோதனைக் கருவி பிசகலாம், மனிதர் மறைத்துவிட்டால் கருவிக்கு வேலையே இல்லை.

அந்தக் காலத்துக் கட்டுப்பாடுகள் இப்போது விலக்கப்பட்டுவிட்டன. ஆனால் நோய்கள் போய்விடவில்லை. ‘நோரோவைரஸ்’ என்னும் வாந்திபேதிக் கிருமி உல்லாசக் கப்பல்களில் அடிக்கடி தலைகாட்டுவது. இதற்குக் கையில் தடவும் சாராயக் களிம்பு அவ்வளவாக உதவாது. சவர்க்காரமும் ஓடும் நீரும்தான் வேண்டும். விரலிடுக்கு, நகக்கண் எல்லாம் தேய்த்து, இருபது வினாடியாவது கழுவப் பிள்ளைகளைப் பழக்குங்கள். வாந்தி எடுத்த பிள்ளையை நீச்சல் குளத்துக்கு அனுப்பவேண்டாம்.

இன்னொன்று, பணம். நாலு பேருக்கு டிக்கெட் என்பது பல மாதச் சேமிப்பு. புறப்படும் அன்று பிள்ளைக்குக் காய்ச்சல் அடித்தால், மருந்து கொடுத்துச் சூட்டை இறக்கி எப்படியாவது ஏற்றிவிடத்தான் தாய் மனம் துடிக்கும். அவளை மட்டும் குறைசொல்லி என்ன பயன்? ஆகவே பணம் கட்டுமுன்பே கேளுங்கள்: நோயினால் வரமுடியாவிட்டால் பணம் திரும்பக் கிடைக்குமா, அல்லது வேறு தேதிக்கு மாற்றித் தருவார்களா? கப்பல் மருத்துவருக்குக் கட்டணம் எவ்வளவு? அது பெரும்பாலும் கரையைவிட அதிகம். பயணக் காப்புறுதி எடுத்தால் அந்தச் செலவைத் தருமா, முன்பே உள்ள நீரிழிவு, இரத்த அழுத்தத்துக்கும் தருமா? பதிலை வாய்ச்சொல்லாக வாங்காமல் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தாத்தா பாட்டியின் மாத்திரைகளைப் பெட்டிக்குள் போட்டுவிடாமல் கைப்பையிலேயே வையுங்கள். கப்பலில் ஏறும்போது பெட்டிகளைத் தனியாக வாங்கிக்கொள்வார்கள், அவை அறைக்கு வந்துசேரச் சில மணி நேரம் ஆகும்.