பாலை விற்போம், மாட்டை விற்க வேண்டாம்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



"மேடையில பேச என்கிட்ட என்னக்கா இருக்கு?" என்று தலைவியைக் கேட்டேன். "நீ போட்டோ கொடுத்து ஏமாந்ததைச் சொல்லு. அப்புறம் ஏமாறாம இருந்ததையும் சொல்லு" என்றார். இரண்டையும் சொல்கிறேன்.

நான் போட்டோகிராபர் கிடையாது. குழுக் கடனில் வாங்கிய ஒரு கறவை மாடு, கொஞ்சம் மானாவாரி நிலம், கையில் ஒரு செல்போன், அவ்வளவுதான். ஒருநாள் சாயங்காலம் எங்க அம்மா களத்தில் உட்கார்ந்து கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தார். மஞ்சள் வெயில், முறத்திலிருந்து தூசி பறக்கிறது. ஒரு படம் எடுத்தேன். நல்ல படம் என்று எனக்கே தெரிந்தது.

வாட்ஸ்அப்பில் அதைப் பார்த்த ஒருவர், "எங்க புத்தகத்துல போட்டுக்கலாமா?" என்று கேட்டார். காசு கேட்க எனக்குக் கூச்சம். "எப்படி வேணும்னாலும் போட்டுக்கோங்க சார்" என்று பதில் அனுப்பிவிட்டேன். புத்தகம் வந்தது. படம் இருந்தது, என் பெயர் இல்லை. சரி போகட்டும் என்று இருந்துவிட்டேன். ஆறு மாதம் கழித்து, கடையில் ஒரு மாவுப் பாக்கெட்டின் மேல் அதே படம்! எங்க அம்மாதான் முதலில் பார்த்தார். வீட்டுக்கு வந்து, "என்னை எவ்வளவுக்குடி வித்த?" என்று கேட்டார். ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. நேரில் போய்க் கேட்டேன். நான் அனுப்பிய அந்த ஒரு வரியைத்தான் எடுத்துக் காட்டினார்கள். பேசாமல் திரும்பி வந்தேன்.

அதற்குப் பிறகுதான் விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். நம் நாட்டில் 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. படம் எடுத்தவர்தான் அந்தப் படத்தின் ஆசிரியர் என்று அது சொல்கிறது. செல்போனில் எடுத்தாலும் அப்படித்தான். எங்கேயும் போய்ப் பதிவு செய்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. 2012-இல் சட்டத்தைத் திருத்திய பிறகு, எடுத்தவர் வாழும் காலம் முழுவதும், அதற்குப் பின் 60 ஆண்டுகளும் அந்த உரிமை உண்டு. ஒன்றை மட்டும் கவனிக்கணும். கல்யாண வீட்டுக்காரர் காசு கொடுத்து நம்மை எடுக்கச் சொன்னால், வேறு மாதிரி பேசிக்கொள்ளாத வரை, அந்தப் படத்தின் உரிமை அவர்களுக்குத்தான்.

இதை நமக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். படம்தான் மாடு. ஒரு பத்திரிகையில் ஒரு தடவை போட அனுமதி கொடுப்பது பால் ஊற்றுகிற மாதிரி. "எல்லா உரிமையும் உங்களுக்கே" என்று எழுதிக் கொடுப்பது மாட்டையே கயிற்றோடு பிடித்துக் கொடுக்கிற மாதிரி. பால் விலைக்கு யாராவது மாட்டைக் கொடுப்போமா? நான் அதைத்தான் சும்மாவே கொடுத்திருக்கிறேன்!

இப்போது யாராவது படம் கேட்டால், விலை சொல்வதற்கு முன்னால் ஐந்து கேள்வி கேட்கிறேன். எதில் போடப் போகிறீர்கள்? அட்டையிலா, உள்பக்கத்திலா, விளம்பரத்திலா? எத்தனை பிரதி அச்சடிப்பீர்கள்? ஒரு தடவைதானா, திரும்பத் திரும்பவா? நான் வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாதா? உள்பக்கத்துச் சின்னப் படத்துக்கு ஒரு தொகை, அட்டைக்கு அதைவிட அதிகம், விளம்பரத்துக்கு இன்னும் அதிகம். வேறு யாருக்கும் தரக் கூடாது என்றால், நமக்கு வரவேண்டிய மற்ற வரும்படி நின்றுபோகிறது. அதையும் சேர்த்துத்தான் கேட்கணும்.

அடுத்து, "நீங்க வழக்கமா எவ்வளவு கொடுப்பீங்க?" என்று அவர்களையே கேட்டுவிடுங்கள். நம் மனதிலும் ஒரு கணக்கு இருக்க வேண்டும். அந்தப் படத்துக்காக விட்ட ஒருநாள் கூலி, பஸ் செலவு, படத்தில் இருப்பவருக்கான பங்கு, இதெல்லாம் கூட்டினால் வருவது அடித்தொகை. அதற்குக் கீழே இறங்கக் கூடாது.

போன வருஷம் ஒரு மாத இதழ் என்னிடம் படம் கேட்டது. எங்க குழு அக்கா ஒருவர் புளி கொட்டை எடுக்கிற படம், அட்டைக்கு. அவர்கள் 500 என்றார்கள். நான் 2,000 என்றேன். சொல்லும்போது குரல் நடுங்கியது, ஆனாலும் சொன்னேன். 1,200-க்கு முடிந்தது. ஒரே இதழ், ஒரே தடவை, படத்துக்குக் கீழே என் பெயர், இரண்டு பிரதி இலவசம் என்று ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். எழுத்தில் காலம் சொல்லாவிட்டால் 5 ஆண்டு என்றும், இடம் சொல்லாவிட்டால் இந்தியா முழுவதும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். அதனால் இரண்டையும் நாமே எழுதிவிட வேண்டும். சில மாதம் கழித்து ஒரு புத்தகத்துக்காக அதே படத்தை வேறொருவர் கேட்டார். 1,000 ரூபாய் வந்தது. மாடு நம்மிடம் இருந்ததால்தானே இரண்டாவது தடவையும் கறக்க முடிந்தது?

படம் எடுத்தபோதே அந்த அக்காவிடம் கேட்டுக்கொண்டேன். பணம் வந்ததும் அவர் பங்கைக் கொடுத்தேன். "உட்கார்ந்த இடத்துல உட்கார்ந்திருந்தேன், எனக்கு எதுக்கு?" என்றார். வற்புறுத்திக் கொடுத்தேன். அதைச் சேமிப்பில் கட்டிவிட்டார்.

இன்னும் இரண்டு விஷயம். படப் போட்டிக்கு அனுப்பும்போது விதிகளைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். அனுப்பிய படமெல்லாம் நடத்துகிறவருக்கே சொந்தம் என்று சில போட்டிகளில் எழுதியிருக்கும். நல்ல காரியத்துக்கு இலவசமாகக் கொடுப்பதும் தப்பில்லை. இந்த மலருக்கு நான் காசு வாங்கவில்லை. ஆனால் "இந்த மலருக்கு மட்டும்" என்று எழுதித்தான் கொடுத்தேன். தலைவி சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

அந்த மாத இதழ் வீட்டுக்கு வந்தபோது அம்மாவிடம் காட்டினேன். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல எதுடி உன் பேரு?" என்று கேட்டார். விரலைப் பிடித்து வைத்துக் காட்டினேன்.