இல்லம் என்னும் சொல்



தில்லி, மும்பை, கொல்கத்தா, பெங்களூர் முதலிய நகரங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் ஒரு நிகழ்ச்சி ஏறக்குறைய ஒரே விதமாக நடைபெறுவதைக் காண்கிறோம். ஊரில் தந்தையார் காலமாகிறார். பதினாறாம் நாள் காரியங்கள் முடிந்ததும், தனித்து நிற்கும் தாயாரை மகன் தன்னோடு அழைத்து வருகிறான். மூன்றாம் மாடியில் இரண்டு அறைகள். கணவன், மனைவி இருவரும் காலையில் அலுவலகம் சென்றால் இரவில்தான் திரும்புவர். சில ஆண்டுகள் கழிகின்றன. தாயார் குளியலறையில் வழுக்கி விழுகிறார். அல்லது அடுப்பைப் பற்றவைத்துவிட்டு அதை மறந்துபோகிறார். அதன்பின் ஒரு நாள், குரலைத் தாழ்த்திக்கொண்டு, ‘ஹோம்’ என்ற சொல்லை யாரோ அவ்வீட்டில் உச்சரிக்கிறார்கள்.

அவ்வாறு முடிவு செய்வது முறையா, முறையன்றா என்ற வழக்கை இன்று நான் எடுத்துக்கொள்ளப் போவதில்லை. அதற்குப் பட்டிமன்றங்கள் இருக்கின்றன. முடிவு செய்தாகிவிட்டது, பெட்டியும் படுக்கையும் உள்ளே போய்விட்டன என்று வைத்துக்கொள்வோம். அதன் பிறகு என்ன நடக்கிறது? ஒருவரை ஒருவர் அறியாத நாற்பது பேரும், கூலிக்கு வந்த பதினைந்து பேரும் ஒரே கூரையின் கீழ் எவ்வாறு ஓர் ஊராக மாறுகிறார்கள்? அல்லது, மாறாமலே போகிறார்கள்? இதுவே இன்றைய பேச்சின் பொருள்.

இத்தகைய இல்லங்கள் நம் நாட்டுக்கு நேற்று வந்தவை அல்ல. பிரான்சு நாட்டில் ஜான் ஜுகான் என்னும் எளிய பெண்மணி 1839ஆம் ஆண்டில், கண்ணிழந்த முதியவள் ஒருத்தியைத் தம் இருப்பிடத்துக்கு அழைத்து வந்து, தாம் படுத்துவந்த கட்டிலையே அவளுக்குக் கொடுத்தார். அதிலிருந்து தோன்றிய துறவுச் சகோதரியர் சபை 1882இல் கொல்கத்தாவில் ஒரு முதியோர் இல்லத்தை நிறுவியது. இன்றோ, அறநிலையங்கள் நடத்துபவை, அரசின் நிதியுதவி பெறுபவை, கட்டணம் வாங்குபவை எனப் பல வகை இல்லங்கள் நாடெங்கும் உள்ளன. 2011ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி, நம் நாட்டில் அறுபது வயதைக் கடந்தோர் பத்துக் கோடிக்கும் மேற்பட்டவர். மாவட்டத்துக்கு ஒன்றேனும், குறைந்தது 150 ஏழை முதியவர்கள் தங்கத்தக்க இல்லங்களை மாநில அரசுகள் அமைக்கலாம் என்று 2007ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் கூறுகிறது. சட்டம் கட்டடத்தைப் பற்றிப் பேசலாம். உள்ளே இருப்பவர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும்படி செய்யச் சட்டத்தால் இயலாது.

நான் சில ஆண்டுகளாகச் சென்றுவரும் ஓர் இல்லம் தலைநகரின் ஓரத்தில் இருக்கிறது. 38 முதியவர்கள் அங்கே வாழ்கிறார்கள். பஞ்சாபியர், வங்காளியர், உத்தரப் பிரதேசத்தார் எனப் பல திறத்தார் உண்டு. தமிழர் மூவர். அம்மூவருள் ஒருவர் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த ஒரு பாட்டியார். அவர் கணவர் ரயில்வேயில் பணியாற்றியவர். பாட்டியார் முப்பது ஆண்டுகள் தில்லியில் குடித்தனம் நடத்தியவர். காய்கறிக்காரனிடம் இந்தியில் பேரம் பேசி, அவன் கும்பிடு போட்டு ஓடும்படி செய்தவர் என்று அவர் மகன் சொல்வார். பின்னர் மறதி நோய் வந்தது. நோய் முதலில் கொண்டுபோனது இந்தியை. பிற்காலத்தில் கற்ற மொழி முன்னதாக நழுவுவதும், தாய்மடியில் கற்ற மொழி நெடுநாள் தங்குவதும் இந்நோயில் பலரிடம் காணப்படுவதாக மருத்துவர்கள் கூறுகிறார்கள். பாட்டியார் தமிழுக்குத் திரும்பிவிட்டார். அதுவும் தில்லித் தமிழ் அன்று. தாமிரபரணிக் கரைத் தமிழ்.

அவரைக் கவனித்துவந்த பெண் ஜார்க்கண்டிலிருந்து வந்தவள், இருபத்திரண்டு வயதிருக்கும். ஒரு முறை இரண்டு நாட்களாகப் பாட்டியார் “வலிக்கி, வலிக்கி” என்று சொல்லிக்கொண்டிருந்தார். அப்பெண் தேநீர் கொண்டுவந்து கொடுத்தாள். போர்வை கொடுத்தாள். சன்னலைச் சாத்தினாள்; திறந்தும் பார்த்தாள். மூன்றாம் நாள் உடல் துடைக்கும்போதுதான் இடுப்பின் கீழே படுக்கைப் புண் கண்டிருப்பதை அறிந்தாள். அவள் அழுதாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். அவள் மீது குற்றமில்லை. அவளுக்கு அந்த ஒரு சொல்லை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அந்தக் குற்றம், மாதந்தோறும் அங்கே போய் ஆரஞ்சுப் பழம் வைத்துவிட்டு வந்த என்னைப் போன்றவர்களுடையது.

அதன்பின் மகன் ஓர் அட்டை எழுதினார். தண்ணீர், பசி, வலி, குளிர், போதும் என இருபது சொற்கள். பக்கத்தில் தேவநாகரி எழுத்தில் ஒலியும் பொருளும். கட்டிலின் தலைமாட்டில் மாட்டினார். ஒரு வாரம் ஆயிற்று, பயன் இல்லை. காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். மகன் பள்ளிக்கூடப் புத்தகத் தமிழில் எழுதியிருந்தார். ‘வலிக்கிறது’ என்று அட்டை சொல்லிற்று. ‘வலிக்கி’ என்று பாட்டியார் சொன்னார். இரண்டும் ஒன்றென அந்தப் பெண் எவ்வாறு அறிவாள்? வெட்கப்பட்டுக்கொண்டே அட்டையைத் திருத்தி, பாட்டியாரின் வாயில் வரும்படியே எழுதிக்கொடுத்தோம். பின்னர் வங்காளியர் சிலரும் தம் தாயாருக்கு அப்படி ஓர் அட்டை எழுதி மாட்டினர்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இல்லத்தில் வீட்டை விட்டு வந்தவர்கள் முதியவர்கள் மட்டும் அல்லர். பணியாளர்களும் அப்படியே. அந்த இல்லத்தில் செவிலியர் இருவர் கேரளத்தவர். இரவுக் காவலர் பீகாரைச் சேர்ந்தவர். ஆயாக்களில் பலர் ஜார்க்கண்டினர், சிலர் அசாமியர். உங்களையும் என்னையும் போலவே பிழைப்பைத் தேடி மாநிலம் விட்டு மாநிலம் வந்தவர்கள். நம் தாயாரைத் தூக்கி உட்கார்த்தும் கைகள், தம் தாயாரை ஊரில் யார் பொறுப்பிலோ விட்டுவிட்டு வந்த கைகள்.

அவர்கள் செய்யும் வேலையைப் பலர் அறியார். படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணிக்கு ஒரு முறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். இரவு இரண்டு மணிக்கும், நான்கு மணிக்கும் இது உண்டு. விழுங்கச் சிரமப்படுபவருக்கு உணவைக் குழைத்து, ஒவ்வொரு வாயும் இறங்கியதா என்று பார்த்து ஊட்ட வேண்டும். நேற்று ‘மகளே’ என்று அழைத்தவர் இன்று ‘திருடி’ என்று ஏசுவார். அதையும் கேட்டுக்கொண்டு தலைவாரிவிட வேண்டும். 2020ஆம் ஆண்டில் தொற்றுநோய் பரவி வாயிற்கதவுகள் மூடப்பட்டபோது, பல இல்லங்களில் பணியாளர்கள் தம் வீட்டுக்குச் செல்லாமல் வாரக்கணக்கில் உள்ளேயே தங்கினர். மக்கள் கைபேசித் திரையில் முகம் காட்டினர். அந்தக் கைபேசியைப் பிடித்துக்கொண்டு நின்றது ஆயாவின் கை.

இல்லங்களில் விழாக்கள் நடைபெறுவதில்லை என்று நான் சொல்லவில்லை. நிரம்ப நடைபெறுகின்றன. யாரோ ஒருவருடைய பிறந்தநாள் என்று ஒரு குழு வருகிறது. முதியவர்களை வரிசையாக நாற்காலியில் உட்காரவைத்து ஆளுக்கொரு வாழைப்பழமும் கம்பளியும் கொடுத்துப் படம் பிடித்துக்கொண்டு போகிறது. வாங்கிய கம்பளியைப் படத்துக்காக மறுபடியும் கொடுத்து மறுபடியும் வாங்கிய கதையை ஒரு பெரியவர் எனக்குச் சொன்னார். நன்கொடையாளருக்குப் பொன்னாடை உண்டு, தலைமை விருந்தினருக்கு மாலை உண்டு. ஆயா தேநீர்த் தட்டை ஏந்திச் சுவரோரம் நிற்பாள். இவற்றை விழா என்பதைவிட வருகை என்று சொல்வது பொருந்தும்.

நான் கண்ட ஒரு பொங்கல் வேறு விதமாக இருந்தது. சனவரி மாதத்துக் குளிரில் முற்றத்தில் ஒரு கரியடுப்பு வைத்தார்கள். வெல்லத்தைத் தட்டியது பஞ்சாபிப் பெரியவர். முந்திரியை உடைத்தது இரண்டு வங்காளப் பாட்டிமார். பானைக்கு மஞ்சள் கட்டியவர் நம் திருநெல்வேலிப் பாட்டியார். பெயர் மறந்தவர், ஊர் மறந்தவர். மஞ்சள் கொத்தைப் பானைக் கழுத்தில் கட்டும் முடிச்சை அவர் விரல்கள் மறக்கவில்லை. பொங்கியபின் பணியாளர்களைப் பந்தியில் உட்காரவைத்து, நடக்க முடிந்த முதியவர்கள் பரிமாறினார்கள். காவலர் எழுந்து எழுந்து நின்றார். உட்காரும்படி அவரை நான்கு பேர் அதட்ட வேண்டியிருந்தது. அடுத்த மார்ச்சு மாதத்தில், ஜார்க்கண்டுப் பெண்கள் தங்கள் சர்ஹுல் திருநாளைக் கொண்டாட அதே முற்றத்தைக் கேட்டார்கள். சால மரத்துப் பூவைக் கொண்டு வசந்தத்தை வரவேற்கும் நாள் அது. தில்லியில் சாலப்பூவுக்கு எங்கே போவது? வேப்பங்கொத்தை வைத்துக்கொண்டு ஆடினார்கள். முதியவர்கள் கை தட்டினார்கள். அன்றுதான் அப்பெண்களுக்கும் ஓர் ஊர் உண்டு என்று பலருக்குத் தெரிந்தது.

ஆயினும் ஒன்று சொல்லிவிட வேண்டும். பொன்னாடையால் வாடகை கொடுக்க முடியாது. வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வும், முதல் தேதியன்று சம்பளமும், ஊருக்குப் போக விடுப்பும் இல்லாத இடத்தில் பணியாளரைப் பாராட்டி விழா எடுப்பது கேலிக்கூத்து. உங்கள் பெற்றோரைச் சேர்க்க ஓர் இல்லத்தைப் பார்க்கச் செல்கிறீர்கள் என்றால் தோட்டத்தைப் பார்ப்பது இருக்கட்டும். ஆயாக்கள் எத்தனை ஆண்டுகளாக அங்கே இருக்கிறார்கள் என்று கேளுங்கள். மூன்று மாதத்துக்கொரு முகம் மாறுகிற இடத்தில், மறதி நோயுற்றவர் ஒவ்வொரு நாளும் அந்நியரிடையே கண் விழிக்கிறார்.

முதியவர்களுக்கு வேலை கொடுக்கலாமா என்பதில் அந்த இல்லத்தில் ஒரு சச்சரவு எழுந்தது. பட்டாணி உரிப்பது, அரிசியில் கல் பொறுக்குவது, பூத் தொடுப்பது ஆகியவற்றைச் சிலர் விரும்பிக் கேட்டார்கள். மேலாளர் மறுத்தார். “பார்க்க வருபவர்கள் என்ன சொல்வார்கள்? பணமும் வாங்கிக்கொண்டு கிழவர்களிடம் வேலையும் வாங்குகிறான் என்பார்கள்” என்றார். அவர் அச்சத்திலும் நியாயம் உண்டு. அமெரிக்காவில் பில் தாமஸ் என்ற மருத்துவர் 1991ஆம் ஆண்டில் இதே கேள்வியைச் சந்தித்தார். நியூயார்க் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் இருந்த முதியோர் இல்லத்தில், தனிமை, சலிப்பு, கையாலாகாமை ஆகிய மூன்றுமே பெரும் பிணிகள் என்று அவர் கண்டார். நாய்களையும் பூனைகளையும் வரவழைத்தார். நூறு சிறு கிளிகளையும் வரவழைத்தார். கிளிகள் வந்த வேளையில் கூண்டுகள் வந்து சேரவில்லை. கொண்டுவந்தவர் கிளிகளை ஓர் அறையில் திறந்துவிட்டுப் போய்விட்டார். பணியாளர்கள் பறவைகளைத் துரத்திப் பிடிப்பதை முதியவர்கள் கண்ணாடிக்கு வெளியே கூடி நின்று பார்த்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார்களாம். பிறகு ஆளுக்கொரு கிளி என்று பொறுப்பேற்றார்கள். பிறரால் பராமரிக்கப்படுபவருக்கும் தாம் பராமரிக்க ஏதேனும் ஒன்று வேண்டும் என்பதே அவர் கண்ட உண்மை. எங்கள் மேலாளர் கிளிகளுக்கு இணங்கவில்லை. பட்டாணிக்கு இணங்கினார், விரும்புவோர் மட்டும், விரும்பும் மட்டும் என்பது நிபந்தனை.

சாவைப் பற்றியும் பேச வேண்டும். அது அங்கே அடிக்கடி வரும் விருந்தினர். முன்பெல்லாம் இரவில் ஒருவர் இறந்தால் விடியுமுன் பின்வாயில் வழியாகக் கொண்டுபோய்விடுவார்கள். மற்றவர்கள் மனம் வருந்தக் கூடாதாம். காலைச் சிற்றுண்டியின்போது ஒரு நாற்காலி காலியாக இருக்கும். யாரும் கேட்கமாட்டார்கள். தம் முறை வரும்போதும் அந்தப் பின்வாயில்தான் என்று ஒவ்வொருவரும் அறிந்துகொண்டு தேநீர் குடிப்பார்கள். இப்போது அந்த வழக்கம் மாறியிருக்கிறது. உடல் முன்வாயில் வழியே செல்கிறது. கூடத்தில் ஒரு விளக்கு வைக்கிறார்கள். இறந்தவரைப் பற்றி யாரேனும் இரண்டு வார்த்தை சொல்கிறார்கள். பெரும்பாலும் சொல்பவர் அவரைக் குளிப்பாட்டிய ஆயாதான். ஏனெனில் கடைசி நாட்களில் அவரை நன்றாக அறிந்தவர் அவரே.

வெளிமாநிலங்களில் உள்ள நம் தமிழ்ச் சங்கங்களிடம் ஒரு விண்ணப்பம். அருகில் உள்ள இல்லத்தில் தமிழர் எவரேனும் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். ஆண்டுக்கொரு முறை ஆர்மோனியத்துடன் இருபது பேர் செல்வதைவிட, வாரத்துக்கு ஒரு முறை ஒருவர் சென்று ஒரு மணி நேரம் தமிழில் பேசிக்கொண்டிருப்பது மேல். அவருக்குத் தேவைப்படும் சொற்களைப் பணியாளருக்குக் கற்றுக்கொடுங்கள். பணியாளரின் பெயரையும் ஊரையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சென்ற முறை நான் போயிருந்தபோது மாலை மணி ஆறு. பாட்டியார் கட்டிலில் சாய்ந்திருந்தார். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. ஜார்க்கண்டுப் பெண் மருந்துத் தட்டுடன் உள்ளே வந்தாள். பாட்டியார் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “ஏட்டி, சாப்ட்டியா?” என்றார். மாத்திரையைப் பிரித்துக்கொண்டே, நிமிர்ந்து பாராமல், “சாப்ட்டேன், அம்மா” என்றாள் அவள். அந்தச் சொல் அட்டையில் இல்லை.