திரும்பி வந்தவர்கள்

(மருத்துவமனைச் சிற்றாலயத்தில் நடந்த கிறிஸ்துமஸ் ஸ்தோத்திரக் கூட்டத்தில் எங்கள் சாப்ளின் ஐயா அளித்த செய்தி)



டிசம்பர் பிறந்தால் நன்றி என்ற சொல் நம் வாயில் தாராளமாக வருகிறது. வாழ்த்து அட்டையில் எழுதுகிறோம், காணிக்கை உறையில் அச்சிடுகிறோம். அந்தச் சொல்லை எங்களுக்குச் சற்றுக் கடினமாக்கிய ஒரு காரியத்தை இன்று சொல்ல வேண்டும்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அது வடியுமுன்னே சாத்தனூர் அணையிலிருந்து திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் பெருகி, பாகூர் கொம்யூன் கிராமங்களுக்குள் புகுந்தது. 2011 டிசம்பர் 30-இல் தானே புயலுக்கு மரத்தையும் கூரையையும் கொடுத்த ஜனங்கள், இம்முறை நெல்லைக் கொடுத்தார்கள்.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு நீங்கள் அனுப்பிய போர்வைகளை வார்டில் வழங்கினோம். வாங்குகிறவர்களை நிற்க வைத்து, இந்த மடலுக்காகப் படம் எடுத்தோம். பாகூர்ப் பக்கத்து ஆயா ஒருவர், சர்க்கரை வியாதியால் ஆறாத கால் புண்ணோடு வெள்ளத்தில் நடந்து வந்தவர், போர்வையைக் கட்டில்மேல் வைத்துவிட்டார். "குளுருது ஐயா, போர்வை வேணும். ஆனா எம் பேரன் பள்ளிக்கூடம் போறான். படம் வேணாம்" என்றார். எங்களுக்குத் தலை தாழ்ந்துபோயிற்று. உதவியோடு நன்றியையும் விலை பேசியிருந்தோமே!

லூக்கா 17-ஆம் அதிகாரத்தில் பத்துக் குஷ்டரோகிகளில் ஒருவன் மாத்திரம் திரும்பி வந்தான், அவன் சமாரியன். மற்ற ஒன்பது பேரைப் பிரசங்கிகளாகிய நாங்கள் நன்றாகவே திட்டியிருக்கிறோம். ஆஸ்பத்திரியில் வேலை செய்தபின் அவ்வளவு திட்ட மனம் வருவதில்லை. டிஸ்சார்ஜ் நாளில் எல்லாருக்கும் வில்லியனூர் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரம்தான். வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்த ஒன்பது பேர் எங்கே என்று ஆண்டவர் கேட்டார், உண்மை. ஆனால் அவர்களுடைய சுகத்தை அவர் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

உபாகமம் 26-ஐயும் வாசித்துப் பாருங்கள். முதற்பலனைக் கூடையில் கொண்டுவருகிறவன், முதலில் தன் முற்பிதாக்களின் அலைச்சலையும் எகிப்தின் அடிமைத்தனத்தையும் சொல்ல வேண்டும். அதன்பின் லேவியனோடும் தன் நடுவிலுள்ள பரதேசியோடும் சந்தோஷப்பட வேண்டும். பட்ட பாட்டை மறைக்காத நன்றி அது; கொடுத்தவரோடு நின்றுவிடாமல், அடுத்தவனிடம் போகிற நன்றி.

பொங்கல் கழிந்து அந்த ஆயா கட்டுப் போட வந்தார். புத்தரிசி ஏது? வயலில் மணல் ஏறிக் கிடந்தது. கையில் ஒரு கட்டு முருங்கைக்கீரை. எங்களுக்குத்தான் என்று நினைத்து எழுந்தோம். அவரோ நேரே வார்டுக்குப் போய், துணைக்கு ஆளில்லாமல் கிடந்த வேறொரு பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து, கஞ்சியை ஆற்றி ஊட்டத் தொடங்கினார். வாசலில் நின்ற எங்களைப் பார்த்து, "நீங்க போங்க ஐயா, நான் பாத்துக்கறேன்" என்றார். கீரையை ஆயாவே சமையற்கட்டில் கொடுத்துவிட்டார்.

இவ்வருஷமும் போர்வைகள் கொடுக்கிறோம். கணக்கும் ரசீதும் தபாலில் உங்களுக்கு வந்து சேரும். படங்கள் மட்டும் இராது; பொறுத்துக்கொள்ளுங்கள்.