துருத்திக்கு மீண்ட மூச்சு



எங்கள் சிற்றாலயத்து ஓர்கனின் கீழ்ச்சுரத்தைக் காதால் கேட்க முன்னரே வாங்குப் பலகையில் உணர்ந்தவர்கள் நாங்கள். மேல்முனை மூடிய எட்டடி மரக்குழல் பதினாறடிக் குழலின் சுரத்தைத் தரும். அது செக்கனுக்கு ஏறத்தாழ 33 முறைதான் அதிரும்.

1990இல் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றபோது அந்த ஓர்கனும் ஓய்ந்தது. துருத்தியைக் கையால் அழுத்தும் நெம்புகோலை, மோட்டார் வந்த நாளிலேயே கழற்றி எறிந்திருந்தோம். அன்று அதை முன்னேற்றம் என்றோம். இடப்பெயர்வு முடிந்து திரும்பியபோது மரத்தைக் கறையான் அரித்திருந்தது. துருத்தித் தோலை எலி கடித்திருந்தது. ஈயமும் வெள்ளீயமும் கலந்த குழல்கள் தம் பாரத்திலேயே மடங்கிக் கிடந்தன.

நூற்றாண்டுக்கு என்ன செய்வது என்று கூடியபோது எங்களுக்குள் இரண்டு கட்சி. இலத்திரனியல் ஓர்கன் ஒன்றை வாங்கி, மிச்சப் பணத்தைப் பிள்ளைகளின் படிப்புக்குக் கொடுப்போம் என்றனர் சிலர். அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது.

மற்றவர்களுக்குத் துணிவு தந்தது பிலிப்பைன்ஸின் லாஸ் பினியாஸ் தேவாலயத்து மூங்கில் ஓர்கன். 1824இல் முடிக்கப்பட்ட அதன் 1,031 குழல்களில் 902 மூங்கிலானவை. 1973இல் அதை ஜேர்மனிக்கு அனுப்பினார்கள். அங்கே பிலிப்பைன்ஸின் வெப்பமும் ஈரப்பதனும் கொண்ட அறையொன்றை அமைத்து, அதற்குள் வைத்தே செப்பனிட்டார்கள். 1975இல் அது வீடு திரும்பியது. வெப்ப நாட்டு ஓர்கனுக்கு விமோசனமில்லை என்ற பேச்சு அத்துடன் எங்களிடையே அடங்கியது.

முடிவில் இரு பக்கமும் விட்டுக்கொடுத்தோம். மீட்க முடியாத ஒரு குழல்வரிசையைக் கைவிட்டு, அதற்கான பணத்தை ஓர்கன் பழகும் பிள்ளைகளுக்கு ஒதுக்கினோம். மற்றக் குழல்களை இலக்கமிட்டுக் கழற்றி, நிமிர்த்தி, சுருதி சேர்த்தோம். துருத்திக்குப் புதுத் தோல் போட்டோம். சத்தம் குறைந்த புது மோட்டாரும் பூட்டினோம். அதோடு, எறிந்த நெம்புகோலுக்குப் பதிலாகப் புதிதாக ஒன்றும் செய்து வைத்தோம்.

இன்று இரண்டு மாணவிகள் பழகுகிறார்கள். மின்சாரம் போனால் ஒருத்தி வாசிக்க, மற்றவள் துருத்தி அழுத்துகிறாள், ஆராதனை நிற்பதில்லை.

அன்பான சகோதரிகளே, வாசிக்காத ஓர்கன் விரைவில் பழுதாகும். எந்தத் தேசத்தில் இருந்தாலும், ஊருக்கு வரும்போது சிற்றாலயத்துக்கு வாருங்கள். ஒரு பாட்டுக்காவது அந்த நெம்புகோலை அழுத்திவிட்டுப் போங்கள்.