பழையதைப் புதுக்குதல்



எங்கள் போடிநாயக்கனூரில் ஏலக்காயின் பக்குவம் அறியாதார் அரியர். மலைச் சரிவுத் தோட்டங்களில் பறித்த காயை உலர்த்தியபின், கம்பி வலைமேல் தேய்த்துக் காம்பையும் காய்ந்த பூவின் எச்சத்தையும் போக்குவர். தேய்ப்பு குறைந்தால் சருகு நிற்கும். மிகுந்தால் காய் வெடித்துப் போகும். பச்சை நிறத்தை மட்டும் சாயத்தால் ஏற்றலாகாது, அது குற்றம். இதனை நெஞ்சில் இருத்திக்கொண்டு, ஒரு கணினி விளையாட்டைப் பற்றி நான் கூறுவதைக் கேளுங்கள். ஓய்வு பெற்ற தலைமையாசிரியனுக்கு இதில் என்ன வேலை என்று நகைக்க வேண்டா. விடுமுறைக்கு வந்த என் பேத்தியே இதில் எனக்கு ஆசிரியை.

'கிரிம் ஃபாண்டாங்கோ' என்னும் அவ்விளையாட்டை அமெரிக்காவின் லூகாஸ் ஆர்ட்ஸ் நிறுவனம் 1998இல் வெளியிட்டது. அமைத்தவர் டிம் ஷேஃபர். இறந்தோரை வரவேற்று மெக்சிகோ மக்கள் கொண்டாடும் திருநாளிலிருந்து கதை பிறந்தது. மறுவுலகில் பயண முகவனாகப் பணிபுரியும் மானி கலவேரா என்னும் எலும்புருவினனே தலைவன். இங்கே கைவேகம் உதவாது. உரையாடியும், கிடைத்த பொருளைப் பயன்படுத்தியும், புதிர்களை அவிழ்த்துமே முன்னேறல் வேண்டும். அறிந்தோர் போற்றினர், விற்பனையோ குறைவு. பின்னர்க் கணினிகள் மாறவே, பழைய குறுந்தகடு புதிய பொறிகளில் செவ்வனே இயங்கவில்லை. நூலாயின் நூறாண்டு கழித்தும் விரித்துப் படிக்கலாம்; விளையாட்டுக்கு அப்பேறு இல்லை.

ஷேஃபரின் டபுள் ஃபைன் நிறுவனம் 2015இல் அதனைப் புதுக்கி வெளியிட்டது. மூலக் கோப்புகள் பழைய காந்த நாடாக்களில் உறங்கிக் கிடந்தன. அவற்றைப் படிக்கும் கருவியையே தேட வேண்டியதாயிற்று. பீட்டர் மெக்கானலின் இசையை மெல்போர்ன் சிம்பொனி இசைக்குழு மீண்டும் வாசித்தது. உருவங்களும் நிழலும் ஒளியும் தெளிவு பெற்றன. பின்னணி ஓவியங்களைப் பெரிதும் பழையபடியே விட்டனர்.

இவற்றினும் அன்பர்கள் மதிப்பது ஒரு விசையை. அதனை அழுத்தினால் புதிய தோற்றம் மறைந்து 1998ஆம் ஆண்டின் தோற்றம் வரும். மீண்டும் அழுத்தினால் புதியது வரும். என்ன மாற்றினார்கள் என்பதை எவரும் கண்ணாலேயே சரிபார்க்கலாம். கணக்கில் விடையோடு வழியையும் எழுதுக என்று நான் நாற்பதாண்டு சொன்னதும் இதுதான்.

1964இல் வந்த 'கர்ணன்' திரைப்படம் புதுக்கப்பெற்று 2012இல் மீண்டும் திரையேறியபோது நான் மகிழ்ந்தேன். ஆயினும் சிறுவனாகக் கொட்டகையில் கண்ட படத்தை அருகில் வைத்து ஒப்பிட எனக்கு வழி இல்லை.

பழைய விளையாட்டில் தலைவனை நடத்துவது பெருந்தொல்லை. பீரங்கி வண்டிபோல் அவனைத் திருப்பித் திருப்பி ஓட்டவேண்டும். அன்பர் ஒருவர் சுட்டியால் இயக்கும் முறையைத் தாமே முன்பு அமைத்திருந்தார். புதுப்பதிப்பிலும் அத்தகைய முறை இடம்பெற்றது. "அப்படியானால் பழைய முறையை நீக்கியிருக்கலாமே?" என்றேன்.

"நீக்கினால் அந்தக் காலத்தவர் எப்படித் திண்டாடினார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும், தாத்தா?" என்றாள் பேத்தி.

பழைய முறையிலேயே முடிப்போர்க்குத் தனிப் பதக்கம் ஒன்றும் உண்டாம். அதனைப் பெறும் நோக்கோடு, தலைவனைச் சுவரில் முட்டவிட்டபடி, அவள் முதலிலிருந்து மறுபடி தொடங்கியிருக்கிறாள்.