கரண்ட் போனால் மீன் தொட்டி என்ன செய்யும்?

காலையில் எழுந்து கூடத்தில் கால் வைத்தால் தரையெல்லாம் ஈரம். மீன் தொட்டி உடைந்துவிட்டது என்று பதறிப்போய்ப் பார்த்தால் கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் தண்ணீர் அடிமட்டத்துக்கு இறங்கியிருக்கிறது. கூழாங்கற்களின் மேல் தங்கமீன்கள் ஒருக்களித்துக் கிடந்து செவுளை அடித்துக்கொண்டிருக்கின்றன. மீன் வளர்க்கும் வீடுகளில் இது அரிதான சங்கதி இல்லை. தொட்டியை ஒட்டிக் கொடுத்த கடைக்காரர்மேல்தான் முதலில் கோபம் வரும். தண்ணீர் வெளியேறிய வழியோ, பென்சில் கனம்கூட இல்லாத ஒரு காற்று ட்யூப்.

எப்படி என்று சொல்கிறேன். தொட்டிக்குக் காற்று ஊதும் ஏர் பம்ப்பை நாம் எங்கே வைக்கிறோம்? சத்தம் கேட்கக் கூடாது, கண்ணிலும் படக் கூடாது என்று ஸ்டாண்டுக்குக் கீழே தரையில் வைத்துவிடுகிறோம். அதிலிருந்து புறப்படும் ட்யூப் மேலே ஏறி, தொட்டியின் விளிம்பைத் தாண்டி, உள்ளே இறங்கி, அடியில் கிடக்கும் ஏர் ஸ்டோனில் முடிகிறது. பம்ப் ஓடும்வரை அந்த ட்யூப்பில் காற்றுதான் இருக்கும். நள்ளிரவில் கரண்ட் போகிறது. காற்று நின்றதும் தண்ணீர் ட்யூப்புக்குள் ஏறுகிறது. தொட்டி விளிம்புவரை நிறைந்திருந்தால் அந்த மேல் வளைவைத் தாண்டுவதற்குக் கொஞ்ச உயரம்தான் பாக்கி. தாண்டிவிட்டால் கதை முடிந்தது. டிராக்டர் டேங்கிலிருந்து டீசல் எடுக்க, ட்யூப்பை வாயில் வைத்து ஓர் இழுப்பு இழுத்துவிட்டுக் கேனுக்குள் விடுவார்களே, அதே வேலைதான். மேலே இருக்கும் தண்ணீர் கீழே இருக்கும் பம்ப்புக்குள் இறங்கி, அதன் வழியாகத் தரைக்கு வரும். மெல்லிய கசிவாகத்தான் வரும்; ஆனால் விடியவிடிய வரும். ஏர் ஸ்டோன் அடியில் கிடப்பதால், தொட்டி ஏறக்குறைய வற்றும்வரை நிற்காது.

இதைவிட எனக்குக் கவலை தருவது அடுத்து நடப்பது. கரண்ட் திரும்பி வரும்போது அந்த பம்ப்புக்குள் தண்ணீர் இருக்கிறது. பக்கத்தில் எக்ஸ்டென்ஷன் போர்டும் ஈரத் தரையில் கிடக்கிறது. வீட்டில் முதலில் எழுந்து வெறுங்காலோடு நடப்பது பெரும்பாலும் நம் அம்மாவோ, பள்ளிக்குக் கிளம்பும் பிள்ளையோதான்.

நான் பேசுவது கெடிலக் கரையில் இருக்கும் திருவதிகையிலிருந்து. எங்கள் பகுதியிலிருந்து நெய்வேலிக்கு வேலைக்குப் போய்வருகிறவர்களுக்கு, பம்ப் நின்றால் என்ன ஆகும் என்பதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிப் படுகைக்குக் கீழே நிலத்தடி நீர் பெரும் அழுத்தத்தோடு நிற்கிறது. மேலே இருக்கும் மண்ணை அள்ள அள்ள, அது சுரங்கத்தின் அடித்தரையைத் தள்ளிக்கொண்டு மேலே வரப் பார்க்கும். அதனால் ஆழ்துளைக் கிணறுகள் போட்டு இரவு பகலாக இறைத்துக்கொண்டே இருக்கிறார்கள். 1 டன் நிலக்கரி எடுக்கப் பல டன் தண்ணீரை இறைக்க வேண்டியிருக்கிறது. பம்ப் நின்றால் தண்ணீர் எங்கே போகும் என்ற கேள்வியைக் கேட்காமல் அங்கே ஒரு நாள்கூட வேலை நடக்காது. வீட்டு மீன் தொட்டிக்கும் அதே கேள்வியைக் கேட்டாக வேண்டும் என்பதுதான் என் கட்சி.

கேட்பது சுலபம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் எல்லோரும் இருக்கும் நேரத்தில், தொட்டிக்குப் போகும் சுவிட்சை நீங்களே அணையுங்கள். அரை மணி நேரம் பக்கத்தில் இருந்து பாருங்கள். எந்த ட்யூப்பில் தண்ணீர் ஏறுகிறது, எந்த இணைப்பில் முத்து முத்தாக ஈரம் கட்டுகிறது, எல்லாம் தெரிந்துவிடும். பிறகு சுவிட்சைப் போட்டு, எல்லா மோட்டாரும் சரியாகத் தண்ணீர் இழுக்கிறதா என்றும் பாருங்கள். புதிதாக ஒரு ஃபில்டர் மாட்டினால், ஒரு ட்யூப்பை நகர்த்தினால், மறுபடியும் இந்தச் சோதனையைச் செய்யுங்கள்.

காற்று ட்யூப்புக்குப் பரிகாரம் இரண்டு. ஒன்று, பம்ப்பைத் தொட்டியின் நீர்மட்டத்துக்கு மேலே சுவரில் மாட்டுவது. அப்படிச் செய்தால் தண்ணீர் ஏறிப் போகாது. எதையும் நம்பியிருக்க வேண்டாத வழி இதுதான். இரண்டாவது, ட்யூப்பின் நடுவே ‘நான்-ரிட்டன்’ வால்வு போடுவது. பண்ருட்டியில் மீன் கடை வைத்திருக்கும் ஒரு பெரியவர் பம்ப் வாங்க வருகிறவர்களிடம், “தம்பி, இந்த வால்வையும் சேர்த்து வாங்கிட்டுப் போ” என்று கையில் திணிக்காத குறையாகச் சொல்வார். விரல் நுனி அளவுள்ள பிளாஸ்டிக் துண்டு, விலையும் சொற்பம். ஒரு பக்கம் வாயை வைத்து ஊதினால் காற்று போகும், மறுபக்கம் ஊதினால் போகாது. காற்று போகும் திசை தொட்டியைப் பார்த்து இருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் குமிழியே வராது, உடனே தெரிந்துவிடும். நாள்பட்டால் அதன் உள்ளே இருக்கும் ரப்பர் விறைத்துப்போகும். அவ்வப்போது கழற்றி, இரண்டு பக்கமும் ஊதிப் பாருங்கள்.

பெரிய தொட்டி வைத்திருப்பவர்கள் ஸ்டாண்டுக்குள் இன்னொரு தொட்டி வைத்து, அதில் தண்ணீரைச் சுத்தம் செய்து மேலே ஏற்றுவார்கள். சம்ப் என்று கடைகளில் சொல்வது இதைத்தான். 4 அடி நீளம், 1½ அடி அகலம் உள்ள தொட்டியில் 1 சென்டிமீட்டர் உயரத் தண்ணீர் என்பது ஏறக்குறைய 5½ லிட்டர். தண்ணீர் ஏற்றும் குழாயின் வாய் நீர்மட்டத்துக்கு 5 சென்டிமீட்டர் கீழே முழுகியிருந்தால், மோட்டார் நின்றதும் 27 லிட்டருக்கு மேல் அதே குழாய் வழியாகத் திரும்பி இறங்கும். அந்த 27 லிட்டர் பிடிக்கக் கீழே சம்ப்பில் காலி இடம் இருக்கிறதா? சம்ப்பையும் தளும்ப நிரப்பி வைத்திருந்தால் அது கூடத்துக்குத்தான் வரும். குழாயின் வாயை நீர்மட்டத்தை ஒட்டி உயர்த்தி வையுங்கள். அல்லது நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே குழாயில் ஒரு சிறு துளை போடுங்கள். தண்ணீர் அந்த அளவு இறங்கியதும் துளை வழியாகக் காற்று புகுந்து ஓட்டம் அறுந்துவிடும். துளையைப் பாசி அடைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உலகில் பலரையும் திடுக்கிட வைத்த மீன் தொட்டி விபத்து பெர்லினில் நடந்தது. 2022 டிசம்பர் 16ஆம் தேதி விடிவதற்கு முன், ஒரு ஹோட்டல் கூடத்தில் நின்ற ‘அக்வாடோம்’ என்ற உருளைத் தொட்டி வெடித்துச் சிதறியது. அதில் இருந்தது 10 லட்சம் லிட்டர் தண்ணீர். ஏறக்குறைய 1,500 மீன்களில் மிகப் பெரும்பாலானவை இறந்துபோயின. ஆள் நடமாட்டம் இல்லாத நேரம் என்பதால் இரண்டு பேர் காயத்தோடு தப்பினார்கள். அந்தச் செய்தியில் என் மனதில் தங்கியது வேறொன்று. கட்டடத்தின் கீழ்த்தளத்தில் வேறு தொட்டிகளில் சில நூறு மீன்கள் உயிரோடு இருந்தன. ஆனால் மின்சாரம் நின்றுபோனதால் அவற்றுக்குக் காற்று இல்லை. அவற்றை அவசர அவசரமாக வேறு இடங்களுக்கு மாற்றித்தான் காப்பாற்றினார்கள்.

நமக்கு இது புரியும். 2011 டிசம்பர் 30 அன்று ‘தானே’ புயல் கடலூர் மாவட்டத்தைப் புரட்டிப்போட்டபோது பண்ருட்டிப் பக்கத்தில் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன, மின்கம்பங்களும் சாய்ந்தன. நாள் கணக்கில் கரண்ட் இல்லை. அப்படிப்பட்ட நேரத்தில் மீனுக்கு இரை போடாதீர்கள். நல்ல நிலையில் இருக்கும் வளர்ந்த மீன் சில நாள் பட்டினி தாங்கும். இரை அழுகினால் கிளம்பும் அமோனியாவைத் தாங்காது. ஒரு சொம்பால் தொட்டித் தண்ணீரையே மொண்டு, உயரத்திலிருந்து அடிக்கடி ஊற்றுங்கள். பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப்பும் கிடைக்கிறது. புரட்டாசி முடிவதற்குள் ஒன்று வாங்கி வைப்பது நல்லது.

சரி, தொட்டித் தண்ணீர் தரைக்கு வந்தே விட்டது. என்ன செய்வது? மீனைப் பார்க்கத்தான் மனம் ஓடும். முதலில் மெயின் சுவிட்ச். ஈரத்தை மிதிக்காமல் போய் அதை அணையுங்கள். ஈரத்தைக் கடக்காமல் அதை எட்ட முடியாது என்றால் யாரையும் உள்ளே விடாமல் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி வீட்டில் இல்லையென்றால் அதைப் போட்டுக்கொள்ளுங்கள். தொட்டிக்குப் போகும் வயர்களைச் சற்றுத் தொங்கவிட்டு, வளைவு பிளக்கைவிடத் தாழ்வாக இருக்கும்படி அமைத்தால், வயர் வழியாக வழியும் தண்ணீர் பிளக்குக்குள் போகாமல் வளைவிலேயே சொட்டிவிடும்.

அடுத்து, ட்யூப்பைத் தொட்டியிலிருந்து மேலே உருவிவிடுங்கள். ஓட்டம் அங்கேயே நின்றுவிடும். மிச்சமிருக்கும் பழைய தண்ணீரை ஒரு வாளியில் பிடித்து மீன்களை அதில் விடுங்கள். தரையில் விழுந்த மீனை ஈரக் கையால்தான் எடுக்க வேண்டும். அசைவு இல்லை என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். செவுள் ஈரமாக இருந்தால் தண்ணீரில் விட்டுப் பாருங்கள். ஃபைட்டருக்கும் கௌராமிக்கும் வெளிக்காற்றைச் சுவாசிக்கத் தனி உறுப்பு உண்டு. நம் குளத்துப் பனையேறிக் கெண்டையும் அந்த வகைதான். 1791இல் தரங்கம்பாடியில் பனைமரத்தில் ஏறிக்கொண்டிருந்த ஒன்றைப் பிடித்ததாக டால்டார்ஃப் என்ற டேனிஷ் படை அதிகாரி லண்டன் லின்னேயன் சங்கத்துக்கு எழுதிய குறிப்பே உண்டு. இந்த வகை மீன்கள் தரையில் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும்.

ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் வைத்துப் பிழிந்து கழுவிவிடாதீர்கள். மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியாவை மாற்றும் நுண்ணுயிர்கள் அதில்தான் குடியிருக்கின்றன. குளோரின் அவற்றைக் கொன்றுவிடும். பஞ்சையும் அதே வாளித் தண்ணீரில் முக்கி வையுங்கள்.

கண்ணாடி ஒட்டிலேயே கசிவு என்றால் வெளியே எம்-சீல் அப்புவதில் பயனில்லை. தண்ணீர் உள்ளிருந்து தள்ளுகிறது. புது சிலிக்கான் பழைய சிலிக்கான்மீது சரியாகப் பிடிக்காது. தொட்டியைக் காலி செய்து, பழையதைப் பிளேடால் சுரண்டி எடுத்து, மீன் தொட்டிக்கென்று விற்கும் சிலிக்கானைப் போட்டு, இரண்டு மூன்று நாள் காயவிடுங்கள். குளியலறைக்கு விற்பதில் பூஞ்சணக்கொல்லி கலந்திருக்கும்; அது மீனுக்கு ஆகாது. காய்ந்ததும் திண்ணையில் பழைய செய்தித்தாளை விரித்து, அதன்மேல் தொட்டியை வைத்து நிரப்பி, ஓர் இரவு விடுங்கள். எந்த ஒட்டில் கசிவோ, அதற்கு நேர்கீழே காகிதம் கறுத்திருக்கும்.

ஒட்டு விடுவதற்குப் பெரிய காரணம் ஸ்டாண்டு மட்டமாக இல்லாததுதான். 3 அடி நீளமும் 1½ அடி அகல உயரமும் உள்ள தொட்டி நிறைந்தால் தண்ணீர் மட்டுமே சுமார் 190 கிலோ. ஒரு காலுக்கு அட்டையை மடித்து முட்டுக்கொடுத்தால் அந்தப் பாரம் கண்ணாடியை முறுக்கும். கொத்தனாரின் ரசமட்டம் கிடைத்தால் வைத்துப் பாருங்கள். இல்லாவிட்டால் கால் பங்கு தண்ணீர் ஊற்றி, நான்கு மூலையிலும் தண்ணீரிலிருந்து விளிம்புவரை அளந்தால் போதும். அடியில் தெர்மாகோல் ஷீட் போட மறக்காதீர்கள்.

தொட்டியை மறுபடி அமைக்கும்போது வாளியில் வைத்த பழைய தண்ணீரையும் சேர்த்து ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீர் சேர்ப்பதானால் குளோரின் நீக்கும் மருந்து விட்டு ஊற்றுங்கள். ஹோஸ் போட்டு நிரப்புகிறவர்கள் அதை விட்டு நகர வேண்டாம். யார் கூப்பிட்டாலும் குழாயை மூடிவிட்டுப் போங்கள். விளிம்புக்குக் கீழே நான்கு விரல் இடம் விட்டு நிறுத்துங்கள். மீன்களை விட்டதும் விளக்கை அணைத்துவிட்டு, மறுநாள் கொஞ்சமாக இரை போட்டுப் பாருங்கள்.