வீட்டுப்பாடமும் வீட்டின் வர்க்கமும்

(போர்ட் பிளேரில் நடைபெற்ற கட்சிக் கல்வி வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



குழந்தைகளின் வீட்டுப்பாடத்தைப் பற்றிக் கட்சிக் கல்வி வகுப்பில் என்ன பேச இருக்கிறது என்று சிலர் எண்ணக்கூடும். கூலி, வேலைநேரம், குடியிருப்பு உரிமை ஆகியவற்றின் அருகில் வைத்தால் இது சிறிய செய்தியாகத் தோன்றும். ஆனால், வேலை முடித்து வீடு திரும்பும் தாயும் தந்தையும் பிள்ளையோடு கழிக்கக் கிடைக்கும் அந்தச் சிறு பொழுதை எது எடுத்துக்கொள்கிறது என்று எண்ணிப் பாருங்கள். கூலியும் வேலைநேரமும் வர்க்கமும் அந்தப் பொழுதுக்குள் இருக்கின்றன.

மொழிபெயர்ப்பே என் கட்சிப் பணி என்பதால் சொல்லிலிருந்து தொடங்குகிறேன். இந்தியில் ‘கிருஹகார்ய’ என்கிறார்கள்; வங்கத்தில் ‘பாடிர் காஜ்’; தெலுங்கில் ‘இண்டி பனி’. மூன்றுக்கும் வீட்டு வேலை என்பதே நேர்ப்பொருள். மலையாளமும் தமிழும் மட்டும் அதைப் ‘பாடம்’ என்கின்றன. இத்தீவுகளில் இவ்வைந்து மொழிகளும் ஒரே தெருவில் ஒலிக்கின்றன. தமிழில் வீட்டு வேலை என்றால் வேறு பொருள்: தண்ணீர் பிடிப்பது, பாத்திரம் துலக்குவது, தம்பியைப் பார்த்துக்கொள்வது. உழைக்கும் குடும்பத்துப் பெண்குழந்தைக்கு அந்த வேலையும் இந்தப் பாடமும் ஒரே மாலைக்குள் அடங்க வேண்டியிருக்கிறது. அவளைப் பொறுத்தவரை மற்ற மூன்று மொழிகளும் சொல்வதே உண்மை.

பள்ளிகள் ஏன் தருகின்றன?

காரணங்கள் மூன்று. முதலாவது, பயிற்சி. வாய்பாடும் எழுத்தும் வாசிப்பும் திரும்பத் திரும்பச் செய்தால்தான் கைவரும். இதை நாம் மறுக்கவில்லை. இரண்டாவது, முடியாத பாடத்திட்டம். ஆசிரியர் பணியிடம் காலியாகக் கிடக்கும் பள்ளியிலும், தேர்தல் பணிக்கும் கணக்கெடுப்புக்கும் ஆசிரியர் அனுப்பப்படும் பள்ளியிலும், வகுப்பில் நடக்காதது நோட்டுப் புத்தகத்தில் ஏறி வீட்டுக்கு வருகிறது. மூன்றாவது, தனியார் பள்ளிக்குரிய காரணம். கட்டணம் செலுத்தும் பெற்றோருக்கு ‘இங்கே படிப்பு நடக்கிறது’ என்று காட்ட நாள்தோறும் ஒரு சான்று வேண்டும். நிரம்பிய நோட்டுதான் அந்தச் சான்று.

பின்னிரண்டு காரணங்களுக்கும் குழந்தையின் கல்வியோடு தொடர்பில்லை. பள்ளி செய்ய வேண்டிய வேலையின் ஒரு பகுதி வீட்டின்மேல் இறக்கிவைக்கப்படுகிறது.

இந்த முறை நமக்குப் புதிதன்று. திருநெல்வேலி, தென்காசிப் பகுதிகளில் பீடி சுற்றும் பெண்களை அறிவோம். இடம், விளக்கு, கூடமாட உதவும் பிள்ளையின் கை ஆகியவை தொழிலாளியினுடையவை. எண்ணிக் கழிப்பது மட்டும் கம்பெனியின் வேலை. ‘மூலதனம்’ முதல் தொகுதியில் வீட்டுத் தொழிலைப் பற்றி எழுதும் மார்க்ஸ், ஆலைச் சட்டத்தின் கண்ணுக்கு எட்டாத இடத்தில் சுரண்டலுக்கு எல்லையே இல்லாமற் போவதைக் காட்டினார். பள்ளிக்குள்ளே நேரத்துக்குச் சட்டம் அளவு வைத்திருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின்படி முதல் ஐந்து வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 200 நாட்கள், 800 மணி நேரம். ஆறு முதல் எட்டு வரை 220 நாட்கள், 1000 மணி நேரம். ஆசிரியருக்கு, தயாரிப்பு உட்பட, வாரம் 45 மணி நேரம். வீட்டில் குழந்தை உழைக்கும் நேரத்துக்கு அச்சட்டம் அளவு எதுவும் குறிக்கவில்லை.

பயன் உண்டா?

அமெரிக்காவில் ஹாரிஸ் கூப்பரும் உடன் ஆய்வாளர்களும் 1987 முதல் 2003 வரை நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2006இல் வெளியிட்டனர். ஏழாம் வகுப்புக்கு மேல் வீட்டுப்பாடத்துக்கும் தேர்ச்சிக்கும் தொடர்பு காணப்பட்டது. கீழ் வகுப்புகளில் அத்தொடர்பு மிக மெலிந்திருந்தது. மேல்வகுப்புகளிலும் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தைக் கடந்தபின் பயன் கூடவில்லை. பிரான்ஸ் நாடு தொடக்கப் பள்ளிகளில் எழுத்து வடிவ வீட்டுப்பாடத்தை 1956ஆம் ஆண்டிலேயே விலக்கியது.

பயன் உள்ள இடத்திலும் அது யாருக்குச் சேர்கிறது என்று கேட்பது நம் பொறுப்பு. 2012ஆம் ஆண்டின் பீசா தேர்வுத் தரவுகளின்படி, வளர்ந்த நாடுகளில் 15 வயது மாணவர்கள் வாரத்துக்குச் சராசரியாக ஏறக்குறைய 5 மணி நேரம் வீட்டுப்பாடம் செய்தனர். வசதியுள்ள வீட்டு மாணவர்கள் வசதியற்றோரைவிட 1.6 மணி நேரம் கூடுதலாகச் செய்தனர். ஏழைப் பிள்ளை சோம்பேறி என்று இதற்குப் பொருளில்லை. அப்பிள்ளைக்கு மேசையும் அமைதியும், ஐயம் கேட்க அருகில் ஒருவரும் கிடைக்கவில்லை. ஒரே கணக்கை எல்லோருக்கும் கொடுக்கிறார் ஆசிரியர். அதைச் செய்து முடிக்கும் சூழல் மட்டும் வீட்டுக்கு வீடு வேறுபடுகிறது. மறுநாள் காலையில் இந்த வேறுபாடு மதிப்பெண்ணாக மாறி, குழந்தையின் திறமையாக எழுதப்பட்டுவிடுகிறது.

கொரோனாக் காலம் இதை அப்பட்டமாக்கியது. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது கல்வி முழுவதும் வீட்டுப்பாடமாகிவிட்டது. சென்னையிலிருந்து இத்தீவுகளுக்குக் கடலடிக் கண்ணாடியிழைக் கம்பிவடம் செயல்பாட்டுக்கு வந்ததே அவ்வாண்டு ஆகஸ்ட் 10 அன்றுதான். அதுவரை செயற்கைக்கோள் இணைப்பையே நம்பியிருந்தோம். ஆனால் இணைப்பு மட்டும் போதுமாயிருக்கவில்லை. பெருநிலத்தில் 15 மாநிலங்கள், ஒன்றியப் பகுதிகளில் ஏழைக் குடும்பங்களின் குழந்தைகள் ஏறத்தாழ 1400 பேரிடம் 2021 ஆகஸ்டில் ஓர் ஆய்வு நடத்தப்பட்டது. ஊர்ப்புறத்தில் இணையவழியில் ஒழுங்காகப் படித்தவர்கள் 8 விழுக்காடு மட்டுமே. 37 விழுக்காட்டினர் படிக்கவே இல்லை.

நம் தீவுகளில் மொழியும் சேர்ந்துகொள்கிறது. 2011 கணக்கெடுப்பில் இங்கே வங்கமொழி பேசுவோர் 28 விழுக்காடு, இந்தி 19, தமிழ் 15, தெலுங்கு 13. தமிழ்வழி அரசுப் பள்ளிகள் இருந்தும், வேலைவாய்ப்பை எண்ணிப் பல பெற்றோர் ஆங்கிலவழியைத் தேர்கிறார்கள். தினக்கூலி மஸ்தூராக வேலை பார்க்கும் தந்தைக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும். வேலையிடத்தில் இந்தி பேசவும் தெரியும். பிள்ளையின் நோட்டில் இருக்கும் ஆங்கிலக் கேள்வியைப் படித்துச் சொல்ல அவரால் இயலாது. அவருடைய அறிவு அனைத்தும் அந்த ஒரு பக்கத்தின் முன் மதிப்பிழந்து நிற்கிறது. பிள்ளை அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. வீட்டுப்பாடம் செய்யும் தீங்குகளில் இதையே நான் பெரிதெனக் கருதுகிறேன்.

விதி உண்டு, நடைமுறை இல்லை

தொடக்க வகுப்புகளில் வீட்டுப்பாடம் வேண்டாம் என்று யஷ்பால் குழு 1993இலேயே பரிந்துரைத்தது. 2018 மே மாதம் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி என். கிருபாகரன், முதல் இரண்டு வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கூடாதென ஆணையிட்டார். ஒன்றிய அரசின் 2020ஆம் ஆண்டுப் பள்ளிப்பைக் கொள்கையும் அதையே சொல்கிறது. மூன்று முதல் ஐந்து வரை வாரத்துக்கு 2 மணி நேரம், ஆறு முதல் எட்டு வரை நாளுக்கு 1 மணி நேரம், அதற்கு மேல் நாளுக்கு 2 மணி நேரம் என்பன அது வகுத்த உச்ச அளவுகள். இத்தீவுகளின் பள்ளிகள் மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் பாடத்திட்டத்தில் இயங்குவன. எனினும் இந்த அளவுகளை அறிந்த பெற்றோர் நம்மிடையே எத்தனை பேர்?

‘வீட்டுப்பாடம் இல்லாத பள்ளி ஒரு பள்ளியா?’ என்று கேட்கும் பெற்றோரை நாம் ஏளனம் செய்யக் கூடாது. பிள்ளை நம்மைப் போல் ஆகிவிடக் கூடாதே என்ற அச்சத்திலிருந்து வரும் கேள்வி அது. வீட்டுப்பாடத்தை நீக்கிவிட்டு அவ்விடத்தை வெறுமையாக விட்டால் டியூஷன் வியாபாரம் அதை நிரப்பும் என்பதும் உண்மை. 2025ஆம் ஆண்டுத் தேசிய மாதிரி ஆய்வின்படி இந்திய மாணவர்களில் 27 விழுக்காட்டினர் தனிப்பயிற்சிக்குச் செல்கிறார்கள். சீனா 2021 ஜூலையில் முதல் இரு வகுப்புகளுக்கு எழுத்து வீட்டுப்பாடத்தை நீக்கி, மற்ற வகுப்புகளுக்கு அளவு வைத்து, இலாபநோக்குப் பயிற்சி நிறுவனங்களையும் தடுத்தது; கூடவே பள்ளி நேரத்துக்குப் பின் பள்ளியிலேயே படிப்பதற்கும் ஏற்பாடு செய்தது. அப்படியிருந்தும் வசதி படைத்தோர் தனி ஆசிரியர்களை மறைவாக அமர்த்திக்கொண்டதாகச் செய்திகள் வந்தன. ஆணை ஒன்றால் மட்டும் முடியும் காரியமன்று இது.

ஆகவே நம் கோரிக்கை வெறும் ‘ஒழிக’ என்பதோடு நிற்க முடியாது. பயிற்சி வேண்டும், அது பள்ளியிலேயே, ஊதியம் பெறும் ஆசிரியரின் துணையோடு நடக்க வேண்டும். அதற்கு முதலில் காலிப் பணியிடங்கள் நிரப்பப்பட வேண்டும். பேருந்துக்கும் படகுக்கும் காத்திருந்து வீடு திரும்பும் பிள்ளைகளுக்கு, அந்த நேரத்தையும் கணக்கில் எடுத்து, சிற்றுண்டியுடன் கூடிய படிப்பு நேரம் வகுக்கப்பட வேண்டும். தொடக்க வகுப்புகள் தாய்மொழியில் நடக்க வேண்டும். இயன்றவரை அவ்வாறே அமைய வேண்டுமெனக் கல்வி உரிமைச் சட்டமும் கூறுகிறது. 2020இன் அளவுகள் ஒவ்வொரு பள்ளியின் அறிவிப்புப் பலகையிலும் பெற்றோர் அறிந்த மொழிகளில் எழுதப்பட வேண்டும்.

அரசு செய்யும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் 2021 அக்டோபரில் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’, மாலையில் குடியிருப்புக்குள்ளேயே குழந்தைகளைக் கூட்டிப் படிக்கவைத்தது. மாதம் 1000 ரூபாய் பெறும் தன்னார்வலர் ஆசிரியருக்கு மாற்றாகிவிடக் கூடாது என்ற எச்சரிக்கை நமக்கு வேண்டும். ஆனால் சேர்ந்து படிக்கும் இடம் ஒன்றைக் குடியிருப்புக்குள் உருவாக்க முடியும் என்பதை அது காட்டியது. மாலையில் பூட்டிக் கிடக்கும் சங்க அலுவலகங்கள் நம்மிடம் உள்ளன. அங்கே விளக்கும் மின்விசிறியும் உண்டு. கல்லூரியில் பயிலும் இளந்தோழர்களும் உண்டு.

இவ்வூரின் செல்லுலார் சிறையில் 1933ஆம் ஆண்டு நடந்த உண்ணாநிலைப் போராட்டத்தில் மகாவீர் சிங், மோகன் கிஷோர் நமதாஸ், மோகித் மோய்த்ரா ஆகியோர் உயிர்நீத்தனர். நல்ல உணவோடு அக்கைதிகள் கேட்டவற்றுள் விளக்கும் நூல்களும் இருந்தன. அவற்றை வென்றெடுத்த பிறகு அவர்கள் கூடிப் படித்தார்கள். 1935இல் அங்கே கம்யூனிஸ்ட் குழு அமைந்தது. படிப்பதற்கு வெளிச்சமும் நேரமும் துணையும் வேண்டும் என்பதை அவர்கள் ஒரு கோரிக்கையாகவே எழுப்பினார்கள். அதே மூன்றும் கூலி வீட்டுக் குழந்தைக்கு இன்று இல்லை. அடுத்த கிளைக் கூட்டத்துக்கு வரும்போது, உங்கள் குடியிருப்பில் மாலையில் எந்த அறையைத் திறக்கலாம், அங்கே யார் உட்காருவார் என்ற இரண்டு விவரங்களோடு வாருங்கள், தோழர்களே.